கோட்டையும் கோயிலும்

தேவாரப் பாடல் பெற்ற ஈழத்துத் தலங்கள் இரண்டு. ஒன்று மன்னாரை அடுத்த திருக்கேதீச்சரம். மற்றொன்று கிழக்குக் கரையில் உள்ள திருக்கோணமலை. இதனைப் பல்லாண்டுகளாக வகுப்பறையில் சொல்லி வந்திருக்கிறேன். கரும்பலகையில் இரண்டு பெயர்களை எழுதுவேன். மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொள்வார்கள். பாடம் அடுத்த பக்கத்திற்குப் போய்விடும்.

ஒரு நாள், நான்காம் படிவத்து மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். "ஐயா, திருக்கோணமலைக் கோயில் இராணுவக் கோட்டைக்குள் இருப்பதாக ஒரு நூலில் படித்தேன். கோயிலைச் சுற்றிக் கோட்டை கட்டினார்களா, கோட்டைக்குள் கோயில் கட்டினார்களா?" என்று வினவினான்.

எளிய வினாதான். ஆயினும் எனக்கு உடனே விடை தெரியவில்லை. ஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர். ஆகவே கோயிலே முந்தியது என்று ஏதோ சொல்லி அவனை அமரச் செய்தேன். நான் சொன்னதில் பிழையில்லை. ஆனால், அவன் கேட்டதற்கு அது விடையும் இல்லை. அக்குறை என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு பள்ளி விடுமுறையில் இலங்கைக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியபோது, கொழும்பிலிருந்து நேரே திருக்கோணமலைக்குப் பயணமானேன்.

நகரத்தின் கடைத்தெருவைக் கடந்து கடற்கரைப் பக்கம் திரும்பியதும் கோட்டை மதில் கண்ணில் படுகிறது. அந்த நிலத்தின் அமைப்பை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். கடலுக்குள் நீண்டு செல்லும் ஒரு குன்றே கோணமலை. அதன் இரு பக்கங்களிலும் இரண்டு விரிகுடாக்கள். முனையிலோ கடலிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறை. அதனைச் சுவாமிமலை என்று அழைக்கின்றனர். குன்று ஊரோடு ஒட்டும் இடத்தில் கழுத்துப் போல் ஒடுங்கியிருக்கிறது. அக்கழுத்தின் குறுக்கே ஒரு மதிலை எழுப்பிவிட்டால் போதும். மற்ற மூன்று பக்கங்களையும் கடலே காத்துக்கொள்ளும். கோட்டை கட்டுவோர் கண்ணுக்கு இதைவிடத் தகுந்த இடம் வேறு எங்கே கிடைக்கும்?

கோட்டை வாயிலில் இலங்கைத் தரைப்படை வீரர்கள் காவல் நின்றார்கள். கோயிலுக்குச் செல்லும் வழி அவ்வாயில் ஒன்றே. எனக்கு முன்னே ஒரு குடும்பத்தினர் பூத்தட்டும் தேங்காயுமாக நின்றிருந்தனர். என் முறை வந்ததும் இளம் வீரர் ஒருவர் என் பையைத் திறக்கச் சொன்னார். அதில் ஒரு துண்டும், தண்ணீர்ப் புட்டியும், சிறிய தேவாரப் புத்தகமும் இருந்தன. அவர் புத்தகத்தை எடுத்து இரண்டு பக்கங்களைப் புரட்டினார். தமிழ் எழுத்தை வாசிக்க அவருக்குத் தெரியாது என்பது அவர் பார்வையிலேயே விளங்கிற்று. என்ன எண்ணினாரோ, மூடிய புத்தகத்தை இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டி, "கோயில், மேலே" என்று கொச்சைத் தமிழில் கூறி வழிகாட்டினார்.

வாயிலைக் கடக்கும்போது அதன் கற்களைப் பாருங்கள் என்று உள்ளூர் நண்பர் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார். பார்த்தேன். வாயிற்கல்லில் இரட்டை மீன் செதுக்கப்பட்டிருக்கிறது. அதே கல்லில் சிதைந்த தமிழ் எழுத்துகளும் உள்ளன. மீன் பாண்டியர் சின்னம் என்பதை நம் மாணவர்கள் அறிவார்கள். ஐரோப்பியர் கட்டிய கோட்டையின் வாயிலில் பாண்டியரின் கயல் எப்படி வந்தது? இங்கேதான் என் மாணவனின் வினாவுக்கு உரிய விடையின் முதல் வரி எழுதப்பட்டிருந்தது.

பழங்காலத்தில் இக்குன்றின்மேல் ஒரு கோயில் மட்டும் இருக்கவில்லை. அடிவாரத்தில் ஒன்றும் இடையில் ஒன்றும் உச்சியில் ஒன்றுமாக மூன்று கோயில்கள் இருந்தன என்று போர்த்துக்கேயரின் எழுத்துகளே கூறுகின்றன. சோழரும் பாண்டியரும் யாழ்ப்பாணத்து அரசரும் அவற்றைப் போற்றினர். இக்கோட்டைக்குள் கண்டெடுக்கப்பட்ட வடமொழிக் கல்வெட்டு ஒன்று, சோடகங்கன் என்பான் 1223ஆம் ஆண்டில் இங்கு வந்ததைக் குறிக்கிறது. கடலில் வரும் மாலுமிகளுக்கு அக்கோபுரங்களே கலங்கரை விளக்கமாய் நின்றிருக்க வேண்டும்.

1622ஆம் ஆண்டில், போர்த்துக்கேயத் தளபதி கொன்சுதந்தீனு டி சா அக்கோயில்களை இடித்தான். சித்திரைப் புத்தாண்டு நாளில், இறைவன் திருவுலா எழுந்தருளி, மக்கள் ஊருக்குள் சென்றிருந்த வேளையில், படைவீரர்கள் அந்தணர் வேடத்தில் உள்ளே நுழைந்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இடிப்பதற்கு முன் கோயிலின் அமைப்பை வரைந்து போர்த்துக்கல்லுக்கு அனுப்பினர். பொருள்களைக் கவர்ந்தனர். எஞ்சிய கற்களில் ஒரு பகுதி மலையிலிருந்து கடலுக்குள் விழுந்தது. மற்றொரு பகுதி கோட்டை மதிலாயிற்று. 1624ஆம் ஆண்டளவில் குன்றின் கழுத்தில் கோட்டை எழுந்துவிட்டது.

ஆகவே, கோயிலைச் சுற்றிக் கோட்டை கட்டப்படவில்லை. கோட்டைக்குள் கோயில் கட்டப்படவும் இல்லை. கோயிலே கோட்டையாக மாற்றப்பட்டது. வாயிலில் மீன் இருப்பதன் காரணம் அதுவே.

இத்துணைப் பாடுபட்டுக் கட்டிய கோட்டை, கட்டியவர்களுக்குக்கூட நெடுநாள் பயன்படவில்லை. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு உடன்படிக்கை செய்துகொண்ட ஒல்லாந்தர் 1639ஆம் ஆண்டில் அதனைக் கைப்பற்றினர். பதினைந்தே ஆண்டுகள்! பின்னர் ஒல்லாந்தர் கோட்டையைத் திருத்திக் கட்டினர். 1672இல் பிரெஞ்சுக்காரர் வந்து சில காலம் அத்துறைமுகத்தில் காலூன்றிப் போயினர். 1782ஆம் ஆண்டு வரலாறோ வேடிக்கையானது. சனவரி மாதம் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பறித்தனர். ஆகஸ்டு மாத இறுதியில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரேன் அதை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். அமைதி உடன்படிக்கைக்குப் பின் அது மீண்டும் ஒல்லாந்தர் கைக்கே போயிற்று. 1795இல் ஆங்கிலேயர் திரும்பி வந்தனர், இம்முறை நிலைத்துவிட்டனர். 1803ஆம் ஆண்டில், தம் அரசரின் மகனான யார்க் கோமகனின் பெயரால் 'பிரடெரிக் கோட்டை' என்று அதற்குப் பெயர் சூட்டினர். அப்பெயரே இன்றும் வழங்குகிறது.

இந்த ஆண்டுகளை மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பதற்காக நான் அடுக்கவில்லை. இவற்றுள் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. இக்கோட்டையின் பீரங்கிகள் விரிகுடாக்களை நோக்கி நின்றன. கப்பல்களை அச்சுறுத்துவதே அவற்றின் வேலை. ஆனால், அறிவுள்ள எந்தப் பகைவனும் கப்பலை அப்பீரங்கிகளின் முன் கொண்டுவந்து நிறுத்திப் போரிடவில்லை. சற்றுத் தொலைவில் கரையிறங்கினான். நிலத்தின் வழியே வந்தான். குன்றின் கழுத்தை நோக்கித் தன் பீரங்கிகளை நிறுத்தினான். 1782 ஆகஸ்டில் சுஃப்ரேன் செய்தது அதுதான். 1795 ஆகஸ்டில் ஆங்கிலேயர் செய்ததும் அதுதான். அவர்கள் மாதத் தொடக்கத்தில் கரையிறங்கினர். மாதம் முடிவதற்குள் கோட்டை பணிந்துவிட்டது.

இதனைப் படிக்கும்போது சிங்கப்பூர், மலேசியா மக்களாகிய நமக்கு ஒரு பழைய கதை நினைவுக்கு வராமல் போகாது. 1942இல் சிங்கப்பூரின் பெரிய பீரங்கிகள் கடலையே பார்த்து நின்றன, அவற்றைத் திருப்ப முடியவில்லை, அதனால்தான் தீவு வீழ்ந்தது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நானும் வகுப்பில் அப்படியே சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மையன்று என்பதைப் பின்னர்தான் கற்றுக்கொண்டேன். சிங்கப்பூரில் 15 அங்குல வாய் அகலமுள்ள பீரங்கிகள் ஐந்து இருந்தன. அவற்றுள் சாங்கிப் பகுதியில் இருந்தவை வடக்கே திரும்பி, ஜொகூர்ப் பக்கத்தை நோக்கிச் சுடவும் செய்தன. ஆனால், அவற்றிற்கென்று சேமித்து வைத்திருந்தவை பெரும்பாலும் போர்க்கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைக்கும் குண்டுகள். அக்குண்டு நிலத்தில் ஆழப் புதைந்து வெடிக்கும். பரவி வரும் காலாட்படையை அது என்ன செய்ய முடியும்? பீரங்கி திரும்பியது, அதனை அமைத்தவர்களின் எண்ணந்தான் திரும்பவில்லை. பகைவன் கடல் வழியாகவே வருவான் என்று நம்பியிருந்தார்கள். அவன் 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கி, மிதிவண்டியிலும் நடந்தும் தீபகற்பத்தைக் கடந்து வந்தான்.

தவறாகக் கற்பித்ததைத் திருத்திச் சொல்ல ஆசிரியன் நாணக் கூடாது. அதனால்தான் இதனை இங்கே எழுதுகிறேன்.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்த பிறகு ஆங்கிலேயக் கடற்படைக்குக் கிழக்கில் புகலிடமாய் அமைந்தது இலங்கையே. திருக்கோணமலையின் இயற்கைத் துறைமுகம் உலகின் சிறந்த துறைமுகங்களுள் ஒன்று. அதனைக் காக்கப் பிரடெரிக் கோட்டையிலும் துறைமுக வாயிலிலுள்ள ஒசுதன்பேர்க் குன்றிலும் கடற்கரைப் பீரங்கிகள் நிறுத்தப்பட்டிருந்தன. ஏப்ரல் 9ஆம் நாள் காலை சப்பானியர் வந்தார்கள். ஆனால், கப்பலில் வந்து பீரங்கிகளுக்கு முகம் காட்டவில்லை. தொலைக்கடலில் நின்ற விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வான்வழியாக வந்து துறைமுகத்தையும் விமான நிலையத்தையும் தாக்கினார்கள். துறைமுகத்தைவிட்டு முன்னிரவில் வெளியேறியிருந்த 'ஹெர்மெசு' என்னும் ஆங்கிலேய விமானந்தாங்கிக் கப்பலை அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தார்கள். கடலை நோக்கி நின்ற கரைப் பீரங்கிகளால் இவற்றுள் எதனையும் தடுக்க இயலவில்லை. முந்நூறு ஆண்டுகளாக நிலத்தின் வழியே வந்து ஏமாற்றிய பகை, இம்முறை வானத்தின் வழியே வந்து ஏமாற்றியது.

இவ்வாறெல்லாம் எண்ணிக்கொண்டே மேட்டுப் பாதையில் ஏறினேன். இருபுறமும் பெரிய மரங்கள். அவற்றின் நிழலில் புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்ந்துகொண்டிருந்தன. படையினரின் கட்டடங்களைத் தாண்டி, பூக்கடைகளைக் கடந்து மேலே சென்றால், பாறையின் உச்சியில் கோணேசர் கோயில் நிற்கிறது. அருகே மலை பிளந்தாற்போல் ஒரு வெட்டு. கீழே கடல் ஓயாமல் இரைகிறது. இராவணன் தன் வாளால் வெட்டிய இடம் என்பது ஐதிகம். பிள்ளைப்பேறு வேண்டியவர்கள் கட்டிய சிறு தொட்டில்கள் மரக்கிளையில் ஆடிக்கொண்டிருந்தன.

கோயில் இடிந்தபின் இங்கே வழிபாடு நின்றுவிட்டதா? அதுதான் இல்லை. இறைவன் திருவுருவங்களுள் சிலவற்றை அடியார்கள் மறைத்துக் காத்தனர். தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் கோயில் எழுந்தது. கோட்டைக்குள்ளோ கோயில் இல்லை. ஆனால், பாறை இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் அந்தணர் ஒருவர் அடியார் சூழப் பாறை விளிம்பிற்கு வந்து, தீபம் காட்டி, மலரையும் பழத்தையும் தேங்காயையும் கடலில் இட்டு வணங்கியதை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்களே வியந்து எழுதியிருக்கிறார்கள். எண்ணிப் பாருங்கள்: கருவறை இல்லை, விமானம் இல்லை, திருவுருவம் இல்லை. பின்னால் பீரங்கி, முன்னால் கடல். அந்தக் கடலுக்குள்தான் தங்கள் கோயில் கிடக்கிறது என்று அறிந்து, அதற்கே பூவிட்டார்கள்.

1950ஆம் ஆண்டில், கிணறு தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. சோமாசுகந்தர், சந்திரசேகரர், அம்மை என முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தனர். 1956இல், ஆர்தர் கிளார்க் என்னும் அறிவியல் எழுத்தாளரும் அவர் நண்பர் மைக் வில்சனும் சுவாமிமலை அடியில் கடலில் மூழ்கி, கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டனர். இலிங்கம் ஒன்றும் கடலிலிருந்து மீட்கப்பட்டது. அவ்விருவரும் நம் சமயத்தவர் அல்லர். பவளப்பாறைகளைப் படம்பிடிக்கப் போனவர்கள். ஊர் மக்கள் ஒன்று கூடிப் பொருள் திரட்டிப் புதிய கோயிலை எழுப்பினர். 1963ஆம் ஆண்டு குடமுழுக்கு நடைபெற்றது. இடிந்த மூன்று கோயில்களின் பெருமைக்கு முன் இது சிறியதுதான். ஆயினும், இடித்த இடத்திலேயே எழுந்தது.

அதன் பின்னும் துன்பம் தீர்ந்துவிடவில்லை. 1983 முதல் 2009 வரை அந்நாட்டை வாட்டிய போரில் கிழக்கு மாகாணம் பட்ட பாடு நாம் அறிந்ததே. கோயிலின் உட்பிராகாரத்தில் இளைப்பாற அமர்ந்தபோது, அருகில் இருந்த மூதாட்டி ஒருவர் என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

"எங்கயிருந்து வாறீங்க, தம்பி?"

"மலேசியாவிலிருந்து வருகிறேன், அம்மா."

"அவ்வளவு தூரத்தில இருந்தோ!" என்று வியந்தவர், தம் கதையைச் சொல்லலானார். அவர் பிறந்து வளர்ந்தது இந்த ஊரிலேயே. போர்க்காலத்தில் மகன்களை இக்கோட்டை வாயில் வழியே அனுப்ப அஞ்சி, தாம் மட்டும் தனியே வந்து போனாராம். சில வெள்ளிக்கிழமைகளில் ஊரடங்கு. அன்று வீட்டு முற்றத்தில் நின்று மலைப் பக்கம் கும்பிட்டுவிட்டு இருந்துவிடுவாராம். வாயிலில் நின்று சோதனைக்கு உட்படும்போது மனம் நோகாதா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று பிறகு தோன்றியது. அவர் சினங்கொள்ளவில்லை.

"நோகாம இருக்குமா, தம்பி? நோகும்தான். அதுக்காக வராம விட்டா, வாசல் அவங்களுக்கு மட்டும் எண்டு ஆகிடுமே" என்றார்.

இந்த ஒரு சொல்லை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. உரிமை என்பது முழக்கமிட்டுப் பெறுவது மட்டுமன்று. நடந்து நடந்து காப்பதும் உரிமைதான் என்பதை அம்மூதாட்டி எனக்கு உணர்த்தினார். பாறை விளிம்பில் நின்று கடலுக்குப் பூவிட்ட அந்தணரும் அதைத்தான் செய்தார். பூவிடுவது நின்றிருந்தால் சுவாமிமலை என்ற பெயரே மறைந்து போயிருக்கலாம். 1950இல் திருமேனிகள் கிடைத்தபோது, அவற்றைக் கொண்டுபோய் வைக்க வேண்டிய இடம் எது என்று அறிந்தவர்கள் ஊரில் இல்லாமல் போயிருக்கலாம்.

மாலைப் பூசைக்கு மணி ஒலித்தது. அப்போது சீருடை அணியாத இளைஞர் நால்வர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தனர். அவர்களுள் ஒருவர் காலையில் என் பையைச் சோதித்தவர். பணி நேரம் முடிந்து வந்திருக்கிறார் போலும். தோழர்களோடு சிங்களத்தில் ஏதோ பேசியபடி வந்தவர், தீபாராதனை தொடங்கியதும் பேச்சை நிறுத்திக் கைகுவித்து நின்றார். என்னை அடையாளம் கண்டு தலையசைத்தார். நானும் தலையசைத்தேன். அம்மூதாட்டி அவர்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, சற்று ஒதுங்கி அவர்கள் நிற்க இடம் விட்டார். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய்யாகும். ஒரு தலையசைப்பால் ஆறிவிடும் புண் அன்று அது. மறுநாள் காலை அந்த இளைஞர் மீண்டும் சீருடை அணிந்து வாயிலில் நிற்பார். வேறு ஒருவர் தம் பையைத் திறந்து காட்டுவார். எனினும், அந்தச் சில நொடிகளில் நான் கண்டதைக் காணவில்லை என்றும் எழுத முடியாது.

விடுமுறை கழிந்து ஊர் திரும்பியதும் அம்மாணவனை அழைத்தேன். அவன் தன் வினாவை மறந்துவிட்டிருந்தான். நான்தான் நினைவூட்ட வேண்டியிருந்தது. வரலாற்றை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் ஐயா, அந்தக் கோட்டைச் சுவரும் கோயில்தானே?" என்றான்.

ஆம் என்றேன். அதன் கற்களுள் பல கோயிற்கற்கள். அவற்றை அடுக்கிய போர்த்துக்கேயரும், அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தரும், பிரெஞ்சுக்காரரும், ஆங்கிலேயரும் போய்விட்டனர். எந்தப் பகைவனுக்காகப் பீரங்கிகளை நிறுத்தினார்களோ, அவன் அந்த வழியாக வரவே இல்லை. கோட்டையில் இன்றும் படை இருக்கிறது. அதன் நடுவே வெள்ளிக்கிழமை தோறும் பூத்தட்டோடு மக்கள் ஏறிச் செல்கிறார்கள்.

இப்போது அந்தப் பாடத்தை நடத்தும்போது, கரும்பலகையில் இரண்டு பெயர்களை மட்டும் எழுதிவிட்டு அடுத்த பக்கத்திற்கு நான் செல்வதில்லை. வாயிற்கல்லில் உள்ள இரட்டை மீனை வரைந்து காட்டுகிறேன். அது அங்கே எப்படி வந்தது என்று மாணவர்களையே கேட்கிறேன்.